நாகூர் மீரானின் ஒற்றை விரல் பிரேக்

நாகூர் மீரானுக்கு ஒரு குணம். யாராவது உதவிக்கு வந்தால் முதலில் முறைப்பார். அப்புறம்தான் என்ன உதவி என்று கேட்பார். அது பிறவிக் குணம் என்பாள் அவர் மனைவி சித்திகா. இல்லை, தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் கை மாட்டிய பிறகு வந்தது என்பார்கள் கோட்டைமேட்டில் அவரோடு டீ குடிப்பவர்கள். இரண்டு கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

கோயமுத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம், பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறையில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரஸ்காரன் வராத ஒரு நாளில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போய் நின்றார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிஞ்சின. ஓடிவந்து மெஷினை நிறுத்தி, அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் வெல்டர் காளிச்சாமி. கிணத்துக்கடவுக்காரன். அன்றிலிருந்து அவனுக்கு மீரான் மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. மாமா சாப்பிட்டாரா, மாமா மருந்து போட்டாரா என்று நிழல் மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். மீரான் முறைப்பார். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

முதலாளி தனபால் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே பார்த்தார். மீரானை வேலையை விட்டும் அனுப்பவில்லை. லேத்தில் இனி நிற்க முடியாது என்று ஆனபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டால் போதும், சம்பளம் அப்படியே வரும் என்றார். வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். மீரானுக்கோ அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே உடம்பெல்லாம் கூசியது. உள்ளே மெஷின் சத்தம் கேட்கிறது, ஆட்கள் கத்திக்கொண்டு திரிகிறார்கள், நாம் மட்டும் காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிறோமே என்று நொந்துபோனார். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

வெளிவேலையைக் கொடுங்கள் என்று முதலாளியைப் பிடுங்கி எடுத்தார். தச்சரிடம் வார்ப்புக்கான மரப் பேட்டர்ன் வாங்கி வருவது, பாகங்களை முலாம் பூசக் கொண்டுபோவது, கணபதிக்கும் பீளமேட்டுக்கும் அலைவது. இதற்கெல்லாம் சைக்கிள் வேண்டும். சைக்கிள் என்றால் பிரேக் பிடிக்க வேண்டும். நம் ஊர் சைக்கிளின் கம்பி பிரேக்கை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல கைக்கே இறக்கத்தில் மூச்சு முட்டும். மீரான் முயன்று பார்த்து, உக்கடத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரரின் வாழைப்பழங்களை நசுக்கியதுதான் மிச்சம்.

இந்தக் கதை துபாயில் இருந்த சித்திகாவின் தம்பி ஜாவித் காதுக்குப் போனது. அவன் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் டிரைவராக இருந்தான். அவர் ஊரைக் காலி செய்தபோது தன் மலைச் சைக்கிளை அவனிடம் தள்ளிவிட்டுப் போனார். விடுமுறைக்கு வரும்போது ஜாவித் அதைப் பிரித்துக் கட்டி மச்சானுக்கென்று தூக்கிக்கொண்டு வந்தான். தடித்த டயர், அதில் பல் பல்லாக வெட்டு. இரண்டு சக்கரத்தின் நடுவிலும் டிபன் தட்டு அகலத்தில் ஒரு எஃகுத் தகடு. பிரேக்கைத் தொட்டால் கைப்பிடியில் இருக்கிற சின்னத் தொட்டியிலிருந்து பிரேக் ஆயில் மெல்லிய குழாய் வழியே கீழே அழுத்தும். கீழே இரண்டு கட்டைகள் இரண்டு பக்கமும் அந்தத் தட்டைக் கவ்வும். காரில் இருக்கிற அதே சமாச்சாரம்தான், ஆனால் ஒரு விரல் போதும் என்றான் ஜாவித். ஒரு விரல்தானே என்று மீரான் சந்திலேயே வேகமாக மிதித்துப் போய் ஆள்காட்டி விரலால் இழுத்தார். சைக்கிள் நின்றது. மீரான் நிற்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சித்திகா பிற்பாடு பல பேரிடம் சொன்னாள்.

தனபால் அரை மனதோடுதான் வெளிவேலையைக் கொடுத்தார். ஆனால் மாதங்கள் போகப் போக, மீரான் எங்கே, மீரானை அனுப்பு என்று அவரே கேட்கும்படி ஆனது. நாற்காலி மட்டும் கேட்டுப் பக்கத்திலேயே கிடந்தது. மீரான் தினமும் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போவார்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைச் சாமான் வாங்க மீரானைத்தான் மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். பூசணிக்காயிலும் பொரியிலும் அவரை மாதிரி பேரம் பேச அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. டெம்போவில் போனவர் சைக்கிளைப் பட்டறையில் விட்டுப் போனார். அந்த நேரத்தில் காளிச்சாமிக்குப் பாசம் பொங்கியது. எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், மாமாவுக்குச் சோறு போடுகிற சைக்கிளை விடலாமா? கழுவினான், துடைத்தான். சக்கரத்தின் நடுவே தட்டு பெயின்ட் இல்லாமல் பளபளவென்று தெரிந்தது. பட்டறைக்காரன் வெற்று இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லேத்தின் மேல்பாகத்துக்குத் துரு பிடிக்காமல் எண்ணெய் தடவுகிற மாதிரியே, வீட்டுத் தோப்புத் தேங்காயில் ஆட்டிய எண்ணெயைப் பஞ்சில் நனைத்து இரண்டு தட்டிலும் இழைத்துத் தேய்த்தான். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தான். ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை போட்டான்.

மீரான் திரும்பி வந்து மாலையைப் பார்த்தார். முறைக்கவில்லை. ஊர் இருந்த இருப்பில், முந்தைய வருடத்துக் குண்டுவெடிப்பின் காயம் இன்னும் ஆறாத அந்த நாட்களில், ஒருத்தன் தன் சைக்கிளையும் தன் வீட்டுப் பொருளாக எண்ணிச் செய்திருக்கிறான் என்பது அவர் மனதைத் தொட்டது. பூஜை முடிந்ததும் மேட்டு மேல் இருக்கிற முலாம் பட்டறைக்குப் பொரிப் பொட்டலம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஏறிப் போனார். கொடுத்தார். இறங்கினார்.

பட்டறை கேட்டுக்கு நேராக வந்து முடிகிற இறக்கம் அது. பாதியில் வழக்கம்போல விரலை வைத்து இழுத்தார். பிரேக் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் சைக்கிள் அது பாட்டுக்குப் போனது. இடது கையாலும் இழுத்தார். அதுவும் அப்படியே. கேட்டுக்கு முன்னால் வார்ப்படத்துக்கென்று கொட்டி வைத்திருந்த மணல் குவியல்தான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. தலைகுப்புற அதில் போய்ச் செருகி, தாடியெல்லாம் மணலோடு எழுந்தார். ஆட்கள் சிரித்தார்கள். தனபால் மட்டும் சிரிக்கவில்லை.

“போதுமுங்க பாய். நாளன்னைக்கு வந்து கேட்டுல உக்காந்துக்குங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்கூட்டுக்காரம்மாவுக்கு என்னன்னு பதில் சொல்றதுங்க?”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் மீரான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். இருந்தது அக்கறை. அதை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? மீரான் வாயிலிருந்த மணலைத் துப்பினார்.

“நாளன்னைக்கு இதே மேட்டுல இருந்து எறங்கி வாரனுங்க மொதலாளி. கேட்டுக்கு முன்னால நின்னுட்டா எனக்கு வெளிவேலை. நிக்கலீன்னா நீங்க சொன்ன எடத்துல உக்காந்துக்கறேன், சாகற வரைக்கும்.”

தனபால் சரி என்று தலையாட்டினார். மறுநாள் விஜயதசமி விடுமுறை; பாவம், ஒரு நாள் ஆறட்டும் என்று நினைத்திருப்பார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்த மீரான், சட்டையைக்கூட மாற்றாமல் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஆயிலில்தான் கோளாறு, ஏர் பிடித்திருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். இத்தனை வருடம் மெஷினோடு குப்பை கொட்டிய மனிதர், பிரேக்கை இழுத்தால் கெட்டியாக இருக்கிறதே, ஏர் பிடித்தால் கொழகொழவென்றல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கண் முன்னால் அந்த நாற்காலிதான் நின்றது. கீழே கட்டைகள் இருக்கிற பெட்டியின் சின்னத் திருகை ஸ்பேனர் போட்டுத் திறந்தார். ஆயில் சொட்டியது. கைப்பிடியை மறுபடி மறுபடி இழுத்தார். ஆயில் போன வழியில் காற்று உள்ளே வந்தது. மூடிவிட்டு இழுத்தபோது கைப்பிடி ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டாரா? பின் சக்கரத்தையும் அதே கதிக்கு ஆளாக்கிவிட்டுத்தான் படுத்தார்.

விடிந்ததும் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சித்திகா தையல் மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எரிந்து விழுவார் என்று தெரியும். கடைசியில் பொறுக்காமல் எழுந்து வந்தாள். வந்தவள் தட்டைத் தொட்டாள், விரலை விரலோடு தேய்த்தாள். வெள்ளை வெட்டுத்துணி ஒன்றை எடுத்துத் தட்டின் மேல் இழுத்துவிட்டு மூக்கில் வைத்தாள்.

“இது தேங்கா எண்ணெங்க,” என்றாள். “மெஷின்ல ஒரு சொட்டு எண்ணெ அதிகமாப் போனா துணியே வழுக்கிட்டு ஓடுது. இதுல இத்தனை எண்ணெய இழுகி வெச்சா எங்கிருந்துங்க புடிக்கும்?”

துணியில் எண்ணெயோடு சந்தனமும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. மீரானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் காளிச்சாமி மேல் வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்! அப்போதே பஸ் ஏறிக் கிணத்துக்கடவுக்குப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த கணமே, ஆயிலைத் திறந்துவிட்டது யார் என்ற நினைப்பு வந்து அந்த ஆத்திரம் அவர் மேலேயே திரும்பியது. எண்ணெய் அவன் போட்டது, காற்று நான் புகுத்தியது. இப்போது இரண்டையும் சரி செய்ய வேண்டும். கையில் இருப்பது ஒரு பகல்.

பஸ் ஏற அவசியமே இருக்கவில்லை. மாமா விழுந்து எழுந்தாரே, எப்படி இருக்கிறாரோ என்று பார்க்கக் காளிச்சாமியே பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வந்து சந்தில் நின்றான். சித்திகா புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடுவான் என்று அர்த்தம். மீரானும் மறைத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் அவன் மனசு நோகக் கூடாது என்று ஒன்றும் தெரியாதவனாகவே அவனை விட்டுவைத்தால், தனபால் நமக்குச் செய்வதைத்தானே நாம் அவனுக்குச் செய்கிறோம் என்று தோன்றியது. அவனை உட்கார வைத்து, நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தான் ஆயிலைத் திறந்த கூத்தையும் சேர்த்துத்தான்.

காளிச்சாமியின் முகம் செத்துப்போனது. பொரியைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப என்ன பண்ணோணும் மாமா, சொல்லுங்க,” என்றான்.

அன்றைக்கு மீரான் முறைக்கவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தார். தொட்டியின் மூடியில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பொறித்திருந்தது. கார்களுக்கு ஊற்றுகிற அதே ரகம்தான். கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தாலும், உக்கடத்தில் கார் சாமான் கடைக்காரர் ஒருவரைக் காளிச்சாமி அவர் வீட்டுக்கே போய் எழுப்பிக் கூட்டிப்போய் ஒரு டப்பாவும், உப்புத்தாளும் வாங்கிவந்தான். மருந்துக் கடையில் ஸ்பிரிட், பெரிய ஊசிக்குழல், குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். வீட்டில் யாருக்கு என்னப்பா என்று கடைக்காரர் கவலையோடு கேட்க, சைக்கிளுக்கு என்று சொல்லியிருக்கிறான்.

முதலில் எண்ணெய். தட்டுகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்த புதுத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். துணியில் ஒன்றும் ஒட்டாத வரைக்கும் விடவில்லை. அதற்கப்புறம் தட்டின் முகத்தை யாரும் விரலால் தொடக் கூடாது என்று சித்திகா சட்டம் போட்டாள். கட்டைகள்தான் பெரும்பாடு. எண்ணெயைக் குடித்து அவை கறுத்திருந்தன. மாற்றுக் கட்டைக்குத் துபாய்க்குத்தான் போக வேண்டும். உலோகத்தூள் வைத்து இறுக்கிய கட்டைகள் என்பதால் சூட்டைத் தாங்கும் என்று மீரான் துணிந்தார். பழைய தோசைக்கல் ஒன்றை அடுப்பில் ஏற்றி அவற்றை வறுத்தெடுத்தார். எண்ணெய் புகைந்து புகைந்து வெளியே வந்தது. வீடு முழுக்கக் கருகிய தேங்காய் நாற்றம். பக்கத்து வீட்டு யாஸ்மின் எட்டிப் பார்த்து, என்ன குழம்பு அக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆறியதும் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, புது முகம் தெரிகிற வரை கட்டைகளைத் தேய்த்தார்கள்.

அடுத்தது ஏர் எடுப்பது. கட்டைகளை மாட்டாமல் அந்த இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகினார் மீரான். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பிஸ்டன் வெளியே பிதுங்கிவிடும். கீழ்த் திருகில் டியூபை மாட்டி, ஊசிக்குழலில் ஆயிலை நிரப்பி, கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். காற்று எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும், அதற்கு வழி விட்டால் போதும். ஊசிக்குழலை ஒரே சீராக அழுத்த மீரானின் வலது கையால் முடியாது. அதைச் சித்திகா வாங்கிக்கொண்டாள். மேலே தொட்டியைக் காளிச்சாமி பார்த்துக்கொண்டான். மீரான் மிஞ்சிய இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்து, திற, மூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருகினார். குமிழி வருதுங்க, வருதுங்க என்று காளிச்சாமி மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை டியூப் நழுவி ஆயில் சிந்தியது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும் என்பதால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். நழுவிய வழியில் காற்றும் புகுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. காளிச்சாமி மீரானின் முகத்தைப் பார்த்தான். மீரான் ஊசிக்குழலை நிரப்பிச் சித்திகாவிடம் நீட்டினார். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. கடைசிக் குமிழியும் போய், கைப்பிடியை இழுத்தால் கல் மாதிரி நின்றபோது சூரியன் சாய்ந்திருந்தது.

எல்லாம் மாட்டிச் சந்தில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் ஊளையிட்டது, ஆனால் பிடிக்கவில்லை. காளிச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. புதிதாய்த் தேய்த்த கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும் என்று மீரான் சொன்னார். சொன்னாரே தவிர, அவருக்கும் அது நிச்சயமில்லை. சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக மிதிப்பதும் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து வேகத்தைக் குறைப்பதுமாகப் போய்வந்துகொண்டே இருந்தார். தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் சலித்து உள்ளே போய்விட்டார்கள். மீரான் இறங்கவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு ஊளை மெலிந்து, விரல் இழுத்த இழுப்புக்குச் சைக்கிள் கட்டுப்பட ஆரம்பித்தது. சமதளத்தில் சரி. இறக்கத்தில்? அதை நாளைக்குத்தான் பார்க்க முடியும்.

மறுநாள் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். தனபாலும் வந்தார். மணலை உள்ளே அள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை நிற்காவிட்டால் நேரே இரும்புக் கேட்டுத்தான். மீரான் மேட்டு உச்சிக்கு உருட்டிப் போய், திரும்பி நின்று, பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு சீட்டில் ஏறினார்.

அப்போதுதான் காளிச்சாமி கூட்டத்தை விட்டு வெளியே வந்தான். கேட்டுக்கு முன்னால், நடு ரோட்டில், மேட்டைப் பார்த்து நின்றான். தனபால் பதறிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை.

“தட்டுல எண்ணெ தடவுனது நானுங்க மொதலாளி. இன்னைக்கு முன்னால நிக்கறதும் நானேதானுங்க.”

மேலே இருந்த மீரானுக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. ஆனால் அவன் எதற்கு நிற்கிறான் என்று புரிந்தது. முதலில் கெட்ட கோபம் வந்தது. இறங்கிப் போய் நாலு அறை விட்டு ஓரம் தள்ளலாமா என்றுகூட யோசித்தார். தள்ளினால் அவனும் இனி ஆயுசு முழுக்கத் தன் முன்னால் தலை குனிந்துகொண்டே நடப்பான். நேற்று ஒரு பகல் முழுக்கத் தன் கையால், சித்திகாவின் கையால், அவன் கையால் செய்த வேலை அது. அந்த வேலையை நம்பாமல் வேறு எதை நம்புவது? மீரான் பெடலை அழுத்தினார்.

இறக்கம் இழுத்துக்கொண்டு போனது. பாதி வரை பிரேக்கைத் தொடவில்லை. அதற்குள் கீழே யாரோ கத்திவிட்டார்கள். மீரான் கண்ணை எடுக்காமல், உடம்பைப் பின்னால் சாய்த்து, ஆள்காட்டி விரலை மடக்கினார். தட்டு கீச்சென்றது. டயர் தாரைக் கடித்தது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். காளிச்சாமியின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றது. மீரானும் நின்றார்.

யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. தனபால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முலாம் போட்ட சாமானெல்லாம் ரெடி என்று காலையிலேயே போன் வந்ததுங்க பாய், போய் எடுத்துட்டு வந்துருங்க என்று சொல்லிவிட்டு, காளிச்சாமியை ஒரு முறை முறைத்து உள்ளே போனார்.

அதுவரை கம்பம் மாதிரி நின்ற காளிச்சாமி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். எழப் பார்த்தான், முடியவில்லை. மீரான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவனிடம் வந்து வலது கையை நீட்டினார். காளிச்சாமி அந்தக் கையைப் பார்த்துத் தயங்கினான். இடது கையை நீட்டுவார் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. மீரான் நீட்டிய கையை மாற்றவில்லை. அவன் அந்த இரண்டு விரலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.